ஏழு நாள் பேசாதிருந்தவர்கள்

பெங்களூரு விவேக்நகர் குழந்தை இயேசு ஆலயத்தில் வியாழக்கிழமை என்றால் தெருவே நிரம்பிவிடும். மெழுகுவத்தியோடு நிற்பவர்களில் நெற்றியில் விபூதி இட்டவர்கள் உண்டு, பர்தா போட்டவர்கள் உண்டு. யார் என்ன மதம் என்று அங்கே யாரும் கேட்பதில்லை. அங்கிருந்து ஆட்டோவில் ஏறினால் சற்று நேரத்தில் ஓசூர் சாலை, நிம்ஹான்ஸ் மருத்துவமனை. அங்கும் காலையிலேயே கூட்டம். கையில் ஃபைல், பையில் தண்ணீர் பாட்டில், மணிக்கட்டில் மந்திரித்த கயிறு.

வியாழனன்று மெழுகுவத்தி ஏற்றிய குடும்பம் திங்களன்று மருத்துவமனை வரிசையில் நிற்பது இந்த ஊரில் அதிசயம் இல்லை. நடுவில் காட்டன்பேட்டை தவக்கல் மஸ்தான் தர்காவுக்கும் அல்சூர் சோமேஸ்வரர் கோயிலுக்கும் போய் வந்திருப்பார்கள். படித்தவர்கள் சிலருக்கு இதைப் பார்த்தால் சிரிப்பு வரும். சிரிக்க இதில் ஒன்றுமில்லை. ஒரு வரிசையில் கேட்கப்படுவது, “எங்க பிள்ளைக்கு ஏன் இப்படி?” மற்ற வரிசையில் கேட்கப்படுவது, “இப்ப என்ன செய்யலாம்?” இரண்டும் வேறு வேறு கேள்விகள். மனச்சோர்வு வீட்டுக்குள் நுழைந்ததும் இவை ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன. வம்பு அங்கேதான் தொடங்குகிறது.

சென்னையில் “கீழ்ப்பாக்கம் கேஸ்” என்று கேலி பேசுவதுபோல பெங்களூரில் “நிம்ஹான்ஸுக்குப் போ” என்பது பழைய கேலி. 1847இல் பைத்தியக்கார விடுதியாகத் தொடங்கி, 1925இல் மைசூர் அரசால் மனநல மருத்துவமனை என்று பெயர் மாற்றப்பட்டு, 1954இல் உருவான அகில இந்திய மனநல நிறுவனத்தோடு 1974இல் இணைந்து இன்றைய பெயரைப் பெற்ற இடம் அது. நாடு முழுவதற்கும் மனநல மருத்துவர்களை உருவாக்கித் தரும் நிறுவனத்தின் பெயர், அது இருக்கும் ஊரிலேயே வசைச்சொல்லாக இருக்கிறது. அந்த வசைக்குப் பயந்துதான் பலர் உடம்பு வழியாகப் பேசுகிறார்கள்.

இது வெறும் ஊகம் இல்லை. நிம்ஹான்ஸைச் சேர்ந்த ஆர். ரகுராமும், அவரோடு மிட்செல் வைஸ் முதலானோரும் அங்கே சிகிச்சைக்கு வந்த 80 பேரிடம் விரிவாகப் பேசி, 1996இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். தலை கனக்கிறது, உடம்பு அசதி, நெஞ்சு படபடப்பு என்று சொல்வதில் அவர்களுக்குக் கூச்சம் குறைவாக இருந்தது. அப்படிப்பட்ட உபாதை எல்லோருக்கும் வருவதுதானே? மனசு உடைந்துவிட்டது, எதிலும் பிடிப்பில்லை என்று சொல்வதற்குத்தான் வெட்கம். மனச்சோர்வின் அறிகுறிகள் கூடக்கூட அவமான உணர்வும் கூடியது. கல்யாணம் நின்றுவிடும், நாலு பேர் மதிக்கமாட்டார்கள் என்ற கணக்கு உள்ளே ஓடிக்கொண்டிருக்கும்போது, “ரெண்டு வாரமா தூக்கமே இல்ல டாக்டர்” என்பது பத்திரமான வாக்கியம். 2015-16இல் நிம்ஹான்ஸ் 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி, வளர்ந்தவர்களில் 20 பேரில் ஒருவருக்கு வாழ்வில் ஏதோ ஒரு கட்டத்தில் மனச்சோர்வு நோய் வருகிறது. அவர்களில் நூற்றுக்கு 85 பேர் சிகிச்சைக்கு வெளியே இருந்தார்கள்.

இனி அந்தக் கேள்விக்கு வரலாம். ஏன் வந்தது?

வீடுகளில் கிடைக்கும் பதில்கள் எல்லோருக்கும் தெரிந்தவை. போன ஜென்மத்துக் கர்மா. ஏழரைச் சனி. யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள். கண் பட்டிருக்கும். ஜெபம் குறைந்துவிட்டது. ஐவேளைத் தொழுகை விட்டுப்போச்சு. சொல்பவர்கள் பெரும்பாலும் அன்போடுதான் சொல்கிறார்கள். காரணம் ஒன்று கிடைத்தால் பரிகாரமும் கிடைத்துவிடும் என்ற நம்பிக்கை அதில் இருக்கிறது. காரணமே இல்லாத துன்பத்தைவிடக் காரணமுள்ள துன்பம் தாங்கக்கூடியது என்பதை மனித இனம் வெகு காலத்துக்கு முன்பே கண்டுகொண்டது. கர்மக் கோட்பாட்டின் வலிமையே அதுதான்: உலகம் கணக்கு வழக்கில்லாமல் நடப்பதில்லை என்று அது ஆறுதல் சொல்கிறது.

ஆனால் மனச்சோர்வு மற்ற நோய்களைப் போன்றதல்ல. காலில் முறிவு ஏற்பட்டவரிடம் “போன ஜென்மத்துப் பாவம்” என்றால் அவர் எரிச்சல்படுவார், அல்லது சிரித்துவிட்டுக் கட்டுப் போட்டுக்கொள்வார். மனச்சோர்வில் இருப்பவர் அதை நம்பிவிடுவார். தேவைக்கு மீறிய குற்ற உணர்வு, ‘நான் ஒன்றுக்கும் உதவாதவள்’ என்ற தீர்மானம் ஆகியவை அந்த நோயின் அறிகுறிப் பட்டியலிலேயே இருக்கின்றன. குறைந்தது இரண்டு வாரம் விடாமல் நீடிக்கும் சோகம் அல்லது எதிலும் நாட்டமின்மை, தூக்கக் கேடு, பசியின்மை, சோர்வு, கவனக் குலைவு, சாவைப் பற்றிய எண்ணம் என்று மருத்துவர்கள் தேடும் அடையாளங்களுக்கு நடுவே அதுவும் ஒன்று. நோயே தினமும் காதில் ஓதும் வாக்கியத்தை வீட்டுப் பெரியவரும் சாமி பேரைச் சொல்லி ஓதினால் என்ன ஆகும்? கர்மா உண்டா இல்லையா என்ற தத்துவ விவாதத்தைத் தனியே வைத்துக்கொள்ளலாம். உண்டு என்றே வைத்துக்கொண்டாலும், அதை எடுத்துச் சொல்ல உலகத்திலேயே மிகத் தவறான ஆள் மனச்சோர்வு கண்டவரின் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்தான்.

திருக்குறளில் இதற்கு ஒரு சுவையான சான்று இருக்கிறது. அறத்துப்பாலின் கடைசி அதிகாரம் ஊழ். விதியின் வலிமையைப் பத்துக் குறளில் சொல்லி முடிக்கிறார் வள்ளுவர். பிறகு 95ஆம் அதிகாரத்தில் மருந்தைப் பற்றி எழுதுகிறார். அங்கே பத்துக் குறளையும் புரட்டிப் பார்த்தால் ஊழ் என்ற சொல்லும் இல்லை, முற்பிறவியும் இல்லை. உணவு, அளவு, உடலின் சமநிலை, நோயின் காரணத்தைத் தேடிப் பார்ப்பது, இவைதான். கடைசிக் குறளில் மருத்துவத்தை நான்காகப் பகுக்கிறார்: நோயாளி, மருத்துவர், மருந்து, பக்கத்தில் இருந்து கவனிப்பவர். விதியை அவ்வளவு நம்பியவர் நோயாளியின் கட்டிலருகே வந்ததும் அதை வாசலில் விட்டுவிட்டு வருகிறார். கூட இருப்பவருக்கு மருத்துவத்தில் கால் பங்கு கொடுக்கிறார்.

அந்தக் கால் பங்கை எப்படிச் செய்வது என்பதற்கும், எப்படிக் கெடுப்பது என்பதற்கும் ஒரே கதையில் உதாரணம் காட்டுவது விவிலியத்தின் யோபு ஆகமம். இஸ்லாத்தில் அய்யூப் நபி என்று போற்றப்படுபவரும் இவரே. பிள்ளைகள் போய், சொத்து போய், உடம்பெல்லாம் கொப்புளத்தோடு சாம்பலில் உட்கார்ந்திருக்கிறார் யோபு. எலிப்பாஸ், பில்தாத், சோப்பார் என்று மூன்று நண்பர்கள் அவரவர் ஊரிலிருந்து வருகிறார்கள். அவரை அடையாளமே தெரியவில்லை, அழுகிறார்கள். பிறகு ஏழு பகல், ஏழு இரவு அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர் துயரம் எவ்வளவு பெரிது என்று கண்டதால் ஒருவரும் வாய் திறக்கவில்லை. கதையில் அவர்கள் செய்த நல்ல காரியம் அத்தோடு முடிந்தது. யோபு பேசத் தொடங்கி, தான் பிறந்த நாளையே சபித்ததும் மூவருக்கும் பொறுக்கவில்லை. குற்றமற்றவன் அழிந்ததுண்டா என்கிறார் ஒருவர். உன் பிள்ளைகள் பாவம் செய்திருப்பார்கள் என்கிறார் இன்னொருவர். உனக்குக் கிடைத்த தண்டனை குறைவு என்கிற அளவுக்குப் போகிறார் மூன்றாமவர். எல்லோரும் கடவுளுக்கு வக்கீலாகிவிட்டார்கள்.

மனச்சோர்வு பக்தியையும் தின்கிறது. இதைப் பக்தியுள்ள வீடுகளில் யாரும் பேசுவதில்லை. சாப்பாட்டில் ருசி போவதுபோல, பாட்டில் சுகம் போவதுபோல, சாமி கும்பிடுவதிலும் மனம் ஒட்டாமல் போகிறது. தினமும் விளக்கேற்றியவள் இன்று ஏற்றவில்லை. “சாமி ரூமுக்கே போகமாட்டேங்குறா, அப்புறம் எப்படி உருப்படும்?” என்று மாமியார் கேட்பார். அறிகுறியையே காரணமாக்கிவிடுகிறோம். அன்னை தெரசாவின் கடிதங்கள் 2007இல் புத்தகமாக வந்தபோது, ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் அவர் கடவுளின் அண்மையை உணராமலேயே பணி செய்தார் என்பது பலரைத் திகைக்க வைத்தது. அவருக்கு இருந்தது மனச்சோர்வு நோய் என்று யாரும் முத்திரை குத்த வேண்டியதில்லை. உள்ளே வறண்டு போனவர் எல்லாம் விசுவாசத்தைத் துறந்தவர் அல்ல என்பதற்கு அந்தக் கடிதங்கள் போதும்.

பழைய ஞானிகள் துயரத்துக்கும் நோய்க்கும் உள்ள வேறுபாட்டை அறிந்தே இருந்தார்கள். பத்தாம் நூற்றாண்டில், இன்றைய ஆப்கானிஸ்தானின் பால்க் பகுதியைச் சேர்ந்த அபூ ஸைத் அல்-பல்கி, துயரத்தை இரண்டாகப் பிரித்தார்: இழப்பு போன்ற தெரிந்த காரணத்தால் வருவது ஒன்று, காரணம் தெரியாமல் வந்து அமர்வது இன்னொன்று. இரண்டாவதன் வேர் உடம்பில் இருக்கிறது என்பதால் அதற்கு உடல்வழி மருத்துவமும் வேண்டும் என்றார். மதநம்பிக்கை மிகுந்த ஒரு முஸ்லிம் அறிஞர் ஆயிரம் ஆண்டுக்கு முன்பே எழுதியது இது.

“மனசை நீதான் அடக்கணும்” என்பது அடுத்த ஆயுதம். மனத்தை வெல்வதே ஞானம் என்று வளர்ந்த மண்ணில், மனம் கைவிட்டவர் தோற்றவராகிவிடுகிறார். தியானமும் யோகமும் பெங்களூரில் தெருவுக்குத் தெரு கற்றுத்தரப்படுகின்றன. அவற்றால் பயன் இல்லையா? உண்டு, நிம்ஹான்ஸே சோதித்துப் பார்த்திருக்கிறது. ஜனகிராமையா முதலானோர் 2000இல் வெளியிட்ட ஆய்வில், கடுமையான மனச்சோர்வோடு மருத்துவமனையில் இருந்த 45 பேரை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். மின்னதிர்வுச் சிகிச்சை பெற்றவர்களில் நூற்றுக்கு 93 பேரும், இமிப்ரமின் என்ற மாத்திரை சாப்பிட்டவர்களில் 73 பேரும், சுதர்சனக் கிரியா என்ற மூச்சுப் பயிற்சி செய்தவர்களில் 67 பேரும் நான்கு வாரத்தில் நோயிலிருந்து மீண்ட நிலைக்கு வந்தார்கள். சிறிய ஆய்வுதான். ஆனாலும் மூச்சுப் பயிற்சி மாத்திரைக்கு அருகில் வந்தது ஆச்சரியம்; சினிமாக்கள் பூதமாகக் காட்டிய மின்னதிர்வு முதலிடத்தில் இருந்தது அதைவிட ஆச்சரியம். ஆசிரமத்தில் கற்றுத்தரப்படும் பயிற்சி, மருத்துவமனைக் கட்டிலில், மருத்துவர் கண்பார்வையில் நடந்தது என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். “மாத்திரையை நிறுத்திட்டு மூச்சுப் பயிற்சி செய்” என்று சொல்ல அந்த ஆய்வில் இடமில்லை.

கீதையை எடுத்துக் கொடுப்பவர்களும் உண்டு. முதல் அத்தியாயத்தின் பெயரே அர்ஜுன விஷாத யோகம். கை நடுங்கி, வாய் உலர்ந்து, வில் நழுவித் தேர்த்தட்டில் உட்கார்ந்துவிடுகிறான் அர்ஜுனன். மனநல மருத்துவர்கள் பலர் இந்தக் காட்சியை விரும்பி மேற்கோள் காட்டுவார்கள். ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: அர்ஜுனனுடையது காரணமுள்ள கலக்கம், நோயல்ல. ஆனாலும் அந்த உரையாடலின் வரிசை கவனிக்கத்தக்கது. முதல் அத்தியாயம் முழுக்கக் கண்ணன் அநேகமாகப் பேசுவதே இல்லை. படைகளைப் பார் என்று ஒரே ஒரு வாக்கியம். இரண்டாவதன் தொடக்கத்தில் ஒரு அதட்டல் போடுகிறான்: இது உனக்கு அழகா, பேடித்தனத்தை விட்டு எழுந்திரு என்ற மாதிரி. அதட்டல் பலிக்கவில்லை. சண்டை போடமாட்டேன் என்று சொல்லி அர்ஜுனன் மௌனமாகிவிடுகிறான். கடவுளே அதட்டியும் எழுந்திருக்காதவன்! மீதி அத்தியாயங்களின் நீண்ட பேச்சு அதற்கப்புறம்தான். கீதையைக் கையில் வைத்துக்கொண்டு “எழுந்து வேலையைப் பாரு” என்று அதட்டுகிறவர்கள் அந்த இரண்டு பக்கத்தைத் தாண்டிப் படித்ததில்லை போலிருக்கிறது.

அதட்டலுக்கு என்ன விலை என்பதை லண்டனில் அளந்திருக்கிறார்கள். 1976இல் கிறிஸ்டின் வானும் ஜூலியன் லெஃப்பும் வெளியிட்ட ஆய்வில், குடும்பத்தார் நோயாளியைப் பற்றிப் பேசிய பேட்டிகளில் குறைகூறும் வாக்கியங்களை எண்ணினார்கள். மனச்சிதைவு நோயாளிகளின் குடும்பத்தில் ஆறு வாக்கியம் என்ற அளவில் நோய் திரும்பும் ஆபத்துக் கூடியது. மனச்சோர்வில் இரண்டே வாக்கியம். “எல்லாம் இருந்தும் உனக்கு என்ன குறை?” ஒன்று. “உன்னைப் பார்த்தா வீடே இருண்டு கிடக்கு” இரண்டு. காலைக் காப்பிக்குள்ளேயே கணக்கு முடிந்துவிடும்.

குடும்பம் பக்கத்தில் இருப்பது பாரம் என்று மேல்நாட்டு மருத்துவமனைகள் நினைத்த 1950களில், அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் வித்யா சாகர் தோட்டத்தில் கூடாரம் அடித்து, நோயாளியின் உறவினர்களைக் கூடவே தங்கவைத்தார். வேலூர் சி.எம்.சி.யும் நிம்ஹான்ஸும் பின்னர் அதே வழியில் போயின. உறவுக்காரர் கூடத் தங்குவது இந்திய மனநல மருத்துவம் உலகத்துக்குக் காட்டிய வழி என்று தயங்காமல் சொல்லலாம்.

கோயிலும் அதைத்தான் செய்திருக்கிறது, நல்லபடியாகச் செய்த இடங்களில். முன்பு பார்த்த அதே ரகுராமும் சகாக்களும் 2000ஆம் ஆண்டு தமிழ்நாட்டின் வேலாயுதம்பாளையம்புதூருக்குப் போனார்கள். முத்துசாமி என்பவரின் சமாதி மேல் எழுந்த கோயில் அங்கே இருக்கிறது; மனநோய் கண்டவர்கள் காசு கொடுக்காமல் தங்கலாம். மூன்று மாதத்தில் தங்க வந்த 31 பேரை ஆராய்ந்தார்கள். பெரும்பாலும் மனச்சிதைவு போன்ற கடும் நோய்கள், மனச்சோர்வு அல்ல. சராசரியாக ஆறு வாரம் தங்கினார்கள். தனிப்பட்ட பேயோட்டலோ சடங்கோ கிடையாது. காலையில் பூஜை, பிறகு பெருக்குவது, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது போன்ற சில்லறை வேலை. அறிகுறிகளின் கடுமையை அளக்கும் மதிப்பெண் 52.9இலிருந்து 42.9ஆகக் குறைந்தது. பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் 2002இல் இதை வெளியிட்டது. மாத்திரைகளால் கிடைக்கும் முன்னேற்றத்தோடு ஒப்பிடத்தக்கது என்பது ஆய்வாளர்கள் கருத்து. ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு இல்லாததால் எச்சரிக்கையோடுதான் இதைக் கொள்ள வேண்டும். அவர்கள் சொன்ன காரணம் எளிமையானது: மிரட்டாத, அரவணைக்கும் இடம்.

அந்தக் கள ஆய்வுக்கும் அதன் வெளியீட்டுக்கும் நடுவே ஏர்வாடி நடந்தது. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, தர்கா அருகே தனியார் நடத்திய மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்தது. 28 பேர் இறந்தார்கள். சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியவில்லை. குணமாகும் என்ற நம்பிக்கையில் அவர்களைக் கொண்டுவந்து விட்டவர்கள் அவர்கள் வீட்டார்தான். உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்தது. 2017இன் மனநலப் பாதுகாப்புச் சட்டம் சங்கிலியைத் தடை செய்தது. இரண்டு இடத்திலும் கும்பிட்ட நம்பிக்கையில் குறைவில்லை. விட்டுவிட்டு வருவதற்கும் கூட இருப்பதற்கும் உள்ள தூரம்தான் வேலாயுதம்பாளையம்புதூருக்கும் ஏர்வாடிக்கும் இடையே.

கூட இருப்பது எப்படி இருக்கும்? பெங்களூரில் வளர்ந்த ஒரு பெண்ணின் கதையைப் பலரும் அறிவார்கள். நடிகை தீபிகா படுகோன் 2014 பிப்ரவரியில் ஒரு காலை வயிற்றில் ஏதோ வெறுமையோடு எழுந்தார். அப்போது படங்கள் வெற்றிமேல் வெற்றி. மும்பைக்கு வந்திருந்த பெற்றோர் ஊர் திரும்பப் பெட்டி கட்டும்போது உடைந்து அழுதார். தாய் உஜ்ஜலா வழக்கமான கேள்விகளைக் கேட்டார்: காதலா, வேலையா? எதுவும் இல்லை என்றதும், இந்த அழுகை வேறு மாதிரி என்று தாய்க்குப் புரிந்துவிட்டது. காரணம் தேடுவதை அத்தோடு நிறுத்திவிட்டு, வல்லுநரின் உதவி வேண்டும் என்றார். குடும்ப நண்பரான ஆலோசகர் அன்னா சாண்டி பெங்களூரிலிருந்து புறப்பட்டுப் போனார். முதலில் மருந்து வேண்டாம் என்று தயங்கிய மகள் பிறகு பெங்களூரு மருத்துவர் ஷ்யாம் பட்டிடம் சிகிச்சை பெற்றார். 2015இல் அதை வெளியே சொன்னார். அதே ஆண்டு ஓர் அறக்கட்டளையும் தொடங்கினார். நட்சத்திரத்துக்கு விமானம் ஏறி வர ஆள் உண்டு, சாதாரணக் குடும்பத்துக்கு உண்டா என்ற கேள்வி நியாயமானது. ஆனால் தாய் செய்த காரியத்துக்கு விமான டிக்கெட் தேவைப்படவில்லை.

அந்த அறக்கட்டளை 2016இல் நடத்திய பிரசாரத்தின் இந்திப் பெயருக்கு ‘மறுபடியும் கேள்’ என்று பொருள். நல்ல பெயர். “நல்லாத்தான் இருக்கேன்” என்ற முதல் பதிலோடு நிறுத்திக்கொள்ளாமல், மறுநாளும் கேட்பது. செத்துவிடலாம் போல் இருக்கிறதா என்று நேராகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை, பேச ஒரு வாசல் திறக்கிறது. ஆம் என்றால் தனியே விடாமல் இருப்பது. மாத்திரை தொடங்கினால் பலன் தெரியச் சில வாரம் ஆகும், பக்க விளைவுகள் முதலில் வந்துவிடும் என்று சொல்லிவைப்பது. குணமானபின்பும் மருத்துவர் சொல்லாமல் நிறுத்தவிடாமல் பார்த்துக்கொள்வது. கோயிலுக்கு வருகிறாயா என்று கேட்பது, வரவில்லை என்றால் விட்டுவிடுவது. விளக்கை அவளுக்காகவும் சேர்த்து ஏற்றிவிட்டு, அதைப் பற்றிப் பேசாமல் இருப்பது. கவனிப்பவருக்கும் களைப்பு உண்டு, கோபம் உண்டு. அதற்கும் வெட்கப்பட வேண்டியதில்லை. 2022 அக்டோபர் 10 அன்று பெங்களூரில் தொடங்கிவைக்கப்பட்ட டெலி மானஸ் சேவையின் 14416 என்ற எண்ணில், எந்நேரமும், தமிழிலும், இரு தரப்பாருமே பேசலாம்.

யோபின் கதை முடியும் விதத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கடவுள் புயலிலிருந்து பேசுகிறார். யோபின் கேள்விக்கு, ஏன் வந்தது என்பதற்கு, அவரும் பதில் சொல்வதில்லை. பேசி முடித்தபின் எலிப்பாஸ் பக்கம் திரும்புகிறார், கோபம் அவர்கள்மேல்தான். பிறந்த நாளைச் சபித்தவனை விட்டுவிட்டு, தனக்காக வாதாடிய மூவரையும் கடிந்துகொள்கிறார். ஏழு காளைகளையும் ஏழு ஆட்டுக்கடாக்களையும் ஓட்டிக்கொண்டு யோபிடம் போங்கள், உங்களுக்காக அவன் வேண்டிக்கொள்ளட்டும் என்பது கட்டளை. அவர்கள் போனார்கள்.